பிறந்தபோது காது நன்றாகத்தான் கேட்டது

மகள் வயிற்றில் இருந்த மூன்றாம் மாத வாக்கில் எனக்கு லேசான காய்ச்சல், அசதி. மூத்தவனுக்கும் அப்போது சளி பிடித்திருந்தது. நாலு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது.

மகள் நல்ல எடையோடு பிறந்தாள். செவித்திறன் பரிசோதனையிலும் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும்" என்றார்கள் எல்லோரும். இந்தச் சமாதானத்தைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. மறுபடி சோதித்ததில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது.

காரணம் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. பெரியவர்கள் பலருக்கு அது வந்துபோனதே தெரியாது. நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போனால் உட்செவியையும் மூளையையும் பாதிக்கலாம். பிறக்கும்போது நன்றாகக் கேட்கிற காதும் சில வருடங்களில் மந்தமாகலாம்.

பிறந்து 21 நாளுக்குள் எச்சிலையோ சிறுநீரையோ சோதித்தால்தான் இது கருவிலேயே வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதன் பிறகு வைரஸ் தென்பட்டாலும், தாய்ப்பால் வழியாக வந்ததாகக்கூட இருக்கலாம். நல்லவேளை, பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளி அட்டையை ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதில் வைரஸ் இருந்தது.

இப்போது காதுக் கருவி, பேச்சுப் பயிற்சி என்று போகிறது. பேசத் தொடங்கிவிட்டாள், பெரும்பாலும் "வேண்டாம்" மட்டும்.

*

மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன், இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். சிஎம்விக்குத் தடுப்பூசி இல்லை என்று டாக்டர் சொன்னார். டயப்பர் மாற்றியதும், மூக்கு துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தை மிச்சம் வைத்ததைச் சாப்பிடக் கூடாது. முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் நெற்றியில் கொடுக்கச் சொன்னார். இதில் மிச்சச் சாப்பாடுதான் கஷ்டம், வீட்டில் ஒன்று இருக்கிறதே!

*

எங்கள் வீட்டில் வந்தது சிஎம்வி இல்லை, ரூபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மை. அம்மாவுக்கு இரண்டாம் மாதத்தில் மெல்லிய தடிப்பு மட்டும்தான். தம்பி கண்புரையோடும் இதயக் கோளாறோடும் பிறந்தான். 1941-லேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். நான் கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொண்டேன்.

*

முதலில் எழுதிய அம்மாதான் மறுபடி எழுதுகிறேன். சிஎம்விக்கு மருந்து இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். வால்கான்சிக்ளோவிர் என்று ஒன்று இருக்கிறது. பிறக்கும்போதே அறிகுறி தெரிகிற குழந்தைகளுக்கு, வழக்கமாக முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் வரை கொடுப்பார்கள். வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் உண்டு. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.