மறு: மறு: கிளிக்பைட் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

திங்கக்கிழமை வகுப்பு, கையேடு நாளைக்கே அச்சுக்குப் போகணும், அதனால கிளிக்பைட்டுக்கு, அதாவது உள்ள இல்லாததை இருக்கற மாதிரி காட்டி நம்மளைச் சொடுக்க வைக்கற தலைப்புக்கு, இதுவரைக்கும் வந்த சொல்லையெல்லாம் பாத்துட்டு என் கருத்தைச் சொல்லிடறேன்: என் ஓட்டு 'தூண்டில் தலைப்பு'க்குத்தான்.

> சொடுக்கிரை (சொடுக்கு + இரை), சின்னதா அழகா இருக்கு

அழகுதான், ஆனா இரைன்னா கோழி கொத்தித் திங்கறது, அதுல ஏமாத்து எங்க இருக்கு? சொடுக்கும் தேவையில்ல. பெட்டிக்கடைல தொங்கற பேப்பர் போஸ்டர் இணையம் வர்றதுக்கு முன்னாடியே இதைத்தானே பண்ணிட்டிருந்துச்சு.

ஐயா எடுத்துக் காட்டின 931ஆம் குறள்தான் எனக்கு வழி காட்டுச்சு. "தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று", சூதுல ஜெயிக்கறது மீன் தூண்டிலை முழுங்கற மாதிரின்னு. இங்க பொன்னுன்னா தங்கம் இல்ல, இரும்பு, இரையில மறைஞ்ச தூண்டில் இரும்புன்னுதான் பரிமேலழகரும் சொல்றார். நமக்கு வேண்டியது அந்த மறைஞ்ச முள்ளுதான். 2014ல பேஸ்புக் கிளிக்பைட்டைக் குறைக்கப்போறோம்னு சொன்னப்பவும், உள்ள போனவங்க எவ்வளவு நேரம் படிக்கறாங்க, இல்ல உடனே திரும்பிடறாங்களான்னும் பாத்தாங்க. போன மழைக்கு வகுப்புல போர்டுல எழுதிப் போட்டேன்: "நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? கலெக்டர் முக்கிய அறிவிப்பு!" நாலாவது பத்தி வரைக்கும் போனா, விடுமுறை இல்லையாம். பக்கத்துலயே "நாளை பள்ளிகள் வழக்கம்போல் இயங்கும்"னு எழுதினதும் ஒரு பொண்ணு, "இதையே போட்டிருந்தா அம்மா ராத்திரியே டிபன் பாக்ஸ் கழுவி வச்சிருப்பாங்களே சார்"னுச்சு. நல்ல தலைப்பும் இழுக்கும், ஆனா உள்ள சொன்னது இருக்கும். அதனால 'ஈர்ப்புத் தலைப்பு'ங்கற பேரை இதுக்குத் தரவே கூடாது.

> ல்லுக்கு அடுத்து த வந்தா தூண்டிற்றலைப்புன்னுதான் புணரணும்

கல் + தீது கற்றீது, விதியை மறுக்கல ஐயா. ஆனா முதலாண்டுப் பிள்ளைங்க 'றலைப்பு'ன்னா என்னன்னு முழிப்பாங்க, பிரிச்சே எழுதிடலாம்: தூண்டில் தலைப்பு.

நாலு பேர் சரின்னுட்டீங்க. பசங்க வாயில வர்றது கிளிக்பைட்தான், அதையே வச்சுக்கங்கன்னு அக்கா இன்னும் சொல்றாங்க, அவங்களுக்காக முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே அதையும் போட்டுடறேன். தம்பி கேட்டதுக்குத்தான் பதில் வரல, யூடியூப் தம்ப்நெயில்ல வாயைப் பொளந்த முகம், சிவப்பு அம்புக்குறி, எழுத்தே கிடையாது, அதை எப்படித் தலைப்புங்கறது? யாராவது தனி இழை தொடங்குங்க.