சொல் வேண்டும்: பழைய மருந்து, புதிய நோய்

உப்புவெளியிலிருந்து:
மூளைப் புற்றுநோயாளரின் உறவினர்களுக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிரம், நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின், குடற்புழுவுக்கான மெபெண்டசோல் ஆகியவற்றைக் கீமோவுடன் சேர்த்துப் பரிசோதிக்கிறார்களே, அதற்கு 'மருந்து மறுபயன்பாடு' என்று எழுதியிருந்தேன். படித்த தாதி ஒருவர், "பாவித்த ஊசியைத் திரும்பப் பாவிப்பதா?" என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து:
'மறு' வேண்டவே வேண்டாம். குறளில் அது நிலவின் களங்கம்: 'மதிக்கண் மறுப்போல் உயர்ந்து'. 'மீள்' என்றாலோ புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவந்தால் ஆகுபெயர். அவ்வழியே 'ஆகுமருந்து' என்போம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

கிண்ணியாவிலிருந்து:
ஐயா, மருந்துக்கடையில் "இது உங்களுக்கு ஆகும்" என்றால் ஒத்துக்கொள்ளும் என்று பொருள். டைசல்பிரம் ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களைக் கொன்றது. நோர்வேயிலும் சுவீடனிலும் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக் கட்டி மீண்டும் வளர்ந்த நோயாளருக்குச் செம்போடும் கீமோவோடும் கொடுத்தார்கள். 2023இல் வந்த முடிவு: ஆயுள் கூடவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. பெயரிலேயே 'ஆகும்' என்று வாக்குக் கொடுக்கலாமா?

நிலாவெளியிலிருந்து:
சித்த மருத்துவத்தில் தேன், வெந்நீர் என்று மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது அனுபானம். அதுவே போதாதா?

மூதூரிலிருந்து:
வடசொல்!

கிண்ணியாவிலிருந்து:
வடசொல் என்பது சிக்கலே அல்ல. கீமோவும் மெட்ஃபோர்மினும் எந்த ஊர்ச் சொற்கள்? தேன் மருந்தை உள்ளே கொண்டுபோகும், அவ்வளவுதான். டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்து கட்டியின் டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தை எம்ஜிஎம்டி என்ற புரதம் செப்பனிட்டுவிடுகிறது. அந்தப் புரதத்தை மடக்கும் பழைய மருந்து உண்டா என்பதும் இந்தத் தேடலில் ஒரு பகுதி. தவிர, தூக்க மருந்தாக வந்த தலிடோமைடு 1998இல் அமெரிக்காவில் தொழுநோய்ச் சிக்கலுக்கு அங்கீகாரம் பெற்றதே, அது எதனோடு சேர்ந்த அனுபானம்?

மூதூரிலிருந்து:
அப்படியானால் 'மாற்றுப்பயன் மருந்து'.

நிலாவெளியிலிருந்து:
மாற்று மருத்துவம் என்று எண்ணி எங்களிடம் வந்து நிற்பார்கள்.

தம்பலகாமத்திலிருந்து:
'ஆகு' இங்கே மாறிவருதல். கடைப்பேச்சுக்காக இலக்கணத்தைக் காவு கொடுப்பதா?

உப்புவெளியிலிருந்து:
அச்சகம் காத்திருக்காது. 'பிறநோய் மருந்தின் புதுப்பயன்' என்பதைப் பெரும்பாலோர் தனிமடலில் சகித்துக்கொண்டார்கள். 'ஆகு மருந்து' அடிக்குறிப்பில் வரும்.

தம்பலகாமத்திலிருந்து:
வினைத்தொகைக்கு நடுவே இடைவெளியா? மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். அந்த நீளத் தொடருக்கு என் உடன்பாடு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.