ஜீன் ஆன்டாலஜியை கிராஃபாக (புள்ளிகளும் கோடுகளுமான வரைபடமாக) பார்ப்பது எப்படி?

கேள்வி: ஜீன் ஆன்டாலஜி என்பது மரபணுக்களின் செயல்களை விவரிக்கும் சொற்களும் அவற்றின் உறவுகளும் கொண்ட தொகுப்பு. அதன் ஓடபிள்யூஎல் (OWL) வடிவக் கோப்பில் உள்ள ஒவ்வொரு ஆர்டிஎஃப் டிரிப்பிளையும் (‘இது–உறவு–அது’ என்ற மூன்று பகுதிக் கூற்று) ஒரு கோடாக்கி, கிராஃப் வரையும் மென்பொருளான கெஃபியில் ஏற்றினேன். சிக்கிய நூல்கண்டு மாதிரி வருகிறது. பெயரில்லாத புள்ளிகள் வேறு ஏராளம். அப்போப்டோசிஸ் (செல்லின் திட்டமிட்ட இறப்பு) என்ற சொல்லைச் சுற்றி மட்டும் பார்க்க வழி உண்டா?

பதில் 1: பெயரில்லாதவை பிளாங்க் நோடுகள், அதாவது தனி அடையாளம் இல்லாத இடைப் புள்ளிகள். ‘இது அதன் பகுதி’ என்ற ஒரே உறவை ஓடபிள்யூஎல் ஒரு பிளாங்க் நோடாகவும் நான்கு டிரிப்பிள்களாகவும் எழுதும். ஆன்டாலஜி கோப்புகளைக் கையாளும் ரோபோட் (ROBOT) கருவியின் கன்வர்ட் கட்டளையால் ஜேசன் (JSON) வடிவக் கோப்பு ஆக்குங்க. அது மீண்டும் ஒரே கோடாகிவிடும். உறவற்று மிதப்பவை பெரும்பாலும் கைவிடப்பட்ட சொற்கள், வடிகட்டிவிடுங்க.

பதில் 2: அதற்கு முன்னாடியே வெட்டிடுங்க. ரோபோட்டில் எக்ஸ்ட்ராக்ட் கட்டளை, முறை பாட் (BOT), சொல் ஜிஓ:0006915 (அப்போப்டோசிஸின் எண்). பெரும்பாலும் அந்தச் சொல்லும் அதன் மூதாதைகளும்தான் வரும். பிள்ளைகள் வேணும்னா முறை டாப் (TOP), ஆனா கோப்பு பெரிதாகிவிடும். வரைய கிராஃப்விஸ் மென்பொருளின் டாட் (dot) போதும், மேலிருந்து கீழாக அடுக்கும். புள்ளிகளை ஈர்ப்பு-விலக்கு விசைபோல் பரப்பும் ஃபோர்ஸ் லேஅவுட்டில் எது மேலே எது கீழேன்னே தெரியாது.

பதில் 1: ஆமாம். மர வடிவ வியூவையும் நம்பாதீங்க: ஒரு சொல்லுக்குப் பல பெற்றோர் இருப்பதால் அதே சொல் நாலு இடத்தில் தலைகாட்டும்.