புதுப்பிப்பு: வார்டு இரவுப்பணி அட்டை விளையாட்டில் இரண்டு திருத்தங்கள்

முன்பு பகிர்ந்த விளையாட்டு இது: ஒரு பயிற்சி மருத்துவர், 12 நோயாளி அட்டைகள், 3 நிமிடத்துக்கு ஓர் அழைப்பு. நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்பதை அளவீடுகளிலிருந்து கணக்கிடும் பிரிட்டனின் நியூஸ்2 மதிப்பெண்ணை அட்டையிலேயே அச்சிட்டது தவறு. ஆடுபவர்கள் பெரிய எண்ணைத் தேடி ஓடினார்கள், நோயாளியைப் பார்க்கவில்லை. இனி அளவீடுகள் மட்டுமே. மூச்சு 26, நாடி 115, மேல் ரத்த அழுத்தம் 98, மற்றவை இயல்பு: 3+2+2, மொத்தம் 7, உடனே ஓட வேண்டிய நிலை. அதைக் கூட்டிப் பார்ப்பதுதான் பயிற்சியே.

அடுத்தது நேரம். ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 (ஆபத்தான அளவுக்கு அதிகம்), ஈசிஜியில் மாற்றம் என்ற அட்டைக்கு 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மி.லி., 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அட்டையை வைத்ததும் வேலை முடிந்ததாக எண்ணக்கூடாது. மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் அழைப்பு வந்தால், ஆடுபவர் செவிலியரிடம் எதைக் கவனிக்கச் சொல்கிறார் என்பதை வாய்விட்டே சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஆட்டம் 20 நிமிடம் என்றால் அலசலுக்கு 40 ஒதுக்குங்கள்.