ஆவியில் வாட்டிய கேரட் ஏன் வெளுத்துப் போகிறது?

காய்ந்த இலை:
காய்கறிகளை நறுக்கி, ஆவியில் வாட்டி, டிரையரில் உலர்த்தி பாட்டிலில் போட்டு வைக்கிறேன். பட்டாணியில் தொல்லை இல்லை. கேரட்தான் படுத்துகிறது. உலர்ந்த புதிதில் பளிச்சென்று இருக்கும். போகப்போக வெளிறி, வைக்கோல் வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே பாட்டிலில் சில துண்டுகள் நல்ல நிறத்தோடு அப்படியே இருக்கின்றன. கூடை நிறைய வட்டத் துண்டுகளைப் போட்டு, மூடி, 3 நிமிடம் வைக்கிறேன். பேசாமல் ஆவியை விட்டுவிட்டுக் கொதிநீருக்கே போய்விடட்டுமா?

சும்மா ஒருவன்:
போய்விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு அள்ளினால் வேலை முடிந்தது. ஆவியெல்லாம் பெரிய ஆலைக்காரர்களுக்குத்தான் சரிப்படும்.

பாய்லர் பக்கம்:
அந்தப் பெரிய ஆலைக்காரர்களில் நானும் ஒருவன். காய்கறி பதப்படுத்தும் இடத்தில் ஆவிப் பிரிவிலேயே வேலைக்காலம் கழிந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில துண்டுகள் கெடுகின்றன, சில தப்பிக்கின்றன என்றீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. நேரம் மட்டும் குறை என்றால் எல்லாத் துண்டும் ஒன்றுபோலக் கெட்டிருக்கும். இங்கே ஆவி எல்லாத் துண்டையும் போய்த் தொடவே இல்லை.

கொதிநீரும் 100 டிகிரி, அதிலிருந்து வரும் ஆவியும் 100 டிகிரிதான். ஆனால் ஒரு கிலோ ஆவி, குளிர்ந்த காயின் மேல் பட்டு நீராக மாறும்போது சுமார் 2257 கிலோஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும். ஒரு கிலோ கொதிநீர் 90 டிகிரிக்கு இறங்கினால் கிடைப்பது ஏறக்குறைய 42 கிலோஜூல். ஆக, ஆவி நீராக மாறுகிற இடத்தில்தான் வேலை நடக்கிறது. அந்த இடத்தில் காற்று தங்கியிருந்தால் ஆவி காய்வரை வந்து சேராது. வட்டமாக நறுக்கிய கேரட், ஈரம் பட்டதும் சில்லறைக் காசு அடுக்கினாற்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுக்கின் நடுவில் இருப்பவற்றுக்கு ஆவி போக வழியே கிடையாது. பட்டாணி உருண்டையாக இருப்பதால் எப்படிக் கொட்டினாலும் இடைவெளி விழும். உங்கள் பட்டாணி தப்பித்த கதை இதுதான்.

அரைகுறையாக வாட்டுவது, வாட்டாமலே உலர்த்துவதைவிட மோசம். சூடு பட்டதும் திசுக்கள் உடையும். உள்ளே தனித்தனியாக இருந்த நொதிகள், அதாவது காயின் நிறத்தையும் மணத்தையும் மாற்றும் புரதங்கள், வெளியே வந்து கலக்கும், ஆனால் சாகாது. வாட்டுவதே இவற்றை அடக்கத்தான். லிப்பாக்சிஜனேஸ் என்று ஒரு நொதி உண்டு; கொழுப்பைத் தாக்கும்போது கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினையும் சேர்த்து வெளுக்கவைத்துவிடும். வாடை கிளம்புவதும் அந்த மாதிரி வேலைகளால்தான். இவற்றில் சூட்டுக்கு எளிதில் அடங்காதது பெராக்சிடேஸ். ஆலையில் அது அடங்கிவிட்டதா என்றுதான் பார்ப்போம். வாட்டிய துண்டை நறுக்கி குவாயக்கால் என்ற ரசாயனமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விடுவோம். வெட்டிய பரப்பில் செம்பழுப்பு படர்ந்தால் அந்த லாட்டுக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டில் இவ்வளவு வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். கூடையின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஆறவைத்து, குறுக்கே வெட்டி ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கேட்டலேஸ் என்ற நொதி இன்னும் உயிரோடு இருக்கிறது, வாட்டல் போதவில்லை. நுரைக்கவில்லை என்பதற்காக எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டலேஸ் பெராக்சிடேஸுக்கு முன்பே செத்துவிடும். சொட்டு விட்ட துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கூடையில் ஒரே அடுக்கு, அதையும் நெருக்காமல் பரப்புங்கள். கூடை தண்ணீரைத் தொடக்கூடாது. முதலில் வெறும் பாத்திரத்தைக் கொதிக்கவிட்டு, மூடி ஓரத்தில் ஆவி வேகமாகச் சீறிய பிறகே காயை வையுங்கள். குளிர்ந்த காய் உள்ளே போனதும் ஆவி கொஞ்சம் அடங்கும். மறுபடி சீறத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். நறுக்கிய கேரட்டுக்கு 3 முதல் 3½ நிமிடம், பீன்ஸுக்கு 2 முதல் 2½, பட்டாணிக்கு 3, உருளைக்கிழங்குக்கு 6 முதல் 8. இடையில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், திறந்த நொடியே காற்று உள்ளே புகுந்துவிடும். திறக்கும்போதும் மூடியில் உங்களுக்கு எதிர்ப்புறமாக உள்ள பக்கத்தை முதலில் தூக்குங்கள், ஆவி உங்கள் முகத்துக்கு வராது.

சும்மா ஒருவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கொதிநீர் எல்லாத் துண்டையும் சுற்றி வளைத்துக்கொள்ளும், பல காய்களுக்கு நேரமும் குறைவு. ஆனால் வைட்டமின் சி-யும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போய்விடும். மெல்லிசாக நறுக்க நறுக்க இழப்பு கூடும். நான் ஆவியின் கட்சிதான்.

உளிக்காரன்:
எனக்குக் காய்கறி தெரியாது, மரம் வளைப்பவன். ஆவிப் பெட்டியில் எங்களுக்கும் இதே கதைதான். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் நடுப்பலகை வளையாமல் முறியும். அதனால் குறுக்கே குச்சி கொடுத்து இடைவெளி விடுவோம். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணிநேரம் என்பது பொதுக்கணக்கு. பெட்டியில் ஒரு துளை கண்டிப்பாக இருக்கும். காற்றும் வழிந்த தண்ணீரும் வெளியேற வேண்டும், உள்ளே அழுத்தமும் சேரக்கூடாது.

காய்ந்த இலை:
பாய்லர் பக்கம் ஐயா, நன்றி. கூடையின் நடுத் துண்டில் ஒரு சொட்டு விட்டேன், சோப்பு மாதிரி நுரைத்தது! ஓரத்துத் துண்டில் ஒன்றுமே இல்லை. இனி ஒரே அடுக்குதான். இன்னும் இரண்டு சந்தேகம். வாட்டியதும் ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டுமா? உலர்த்தாமல் அப்படியே பாட்டிலில் அடைத்து ஆவியில் வைத்தால் கெடாமல் இருக்குமா?

பாய்லர் பக்கம்:
ஐஸ் தண்ணீர் ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு. நீங்கள் உலர்த்தப் போகிறீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் நேராக டிரையர் தட்டில் பரப்புங்கள். தண்ணீரில் முக்கினால் ஆவியில் மிச்சம் பிடித்தது அதில் போகும், மறுபடி ஈரமும் ஏறும்.

பாட்டில் யோசனை வேண்டவே வேண்டாம். கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் புளிப்பு இல்லாதவை. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் போட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கக்கூடிய உணவு நஞ்சைத் தரும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி ஆவியில் சாகாது. அவற்றைக் கொல்ல, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி வரைக்கும் ஏற்ற வேண்டும். அதற்கென்று உள்ள அழுத்தக் கலனும், காய்க்குக் காய் சோதித்து வைத்த நேரப் பட்டியலும் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உலர்ந்த கேரட்டை வெளிச்சம் படாத இடத்தில், பாட்டில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். சரியாக வாட்டிய கேரட்டையும் காற்றும் வெளிச்சமும் மெல்ல மெல்ல வெளுக்கவைக்கும்.

சும்மா ஒருவன்:
வெங்காயத்துக்கு எத்தனை நிமிடம்?

பாய்லர் பக்கம்:
வெங்காயம், பூண்டு, மிளகாய் எதற்கும் வேண்டாம். பச்சையாகவே நறுக்கி உலர்த்துங்கள்.