கூம்பு ஒலிபெருக்கியில் ஆண் குரல் மூக்கால் பாடுவதுபோல் கேட்கிறது: பிழை எங்கே?

கேட்டவர்:
வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக ஒரு ஜோடி கூம்புகளைச் செய்திருக்கிறேன். 18 மி.மீ. பிளைவுட்டை வளையங்களாக அறுத்து, 16 வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கோவையில் ஒரு கடைசல் பட்டறையில் டிராக்ட்ரிக்ஸ் என்னும், வாய்ப்பக்கம் விரிந்துகொண்டே போகும் வளைவில் கடைந்து வாங்கினேன். தொண்டை (டிரைவர் பொருந்தும் குறுகிய முனை) 1 அங்குலம், வாயின் விட்டம் 27 செ.மீ., நீளம் 28 செ.மீ. பின்னால் 8 ஓம் கம்ப்ரெஷன் டிரைவர் (கூம்புக்குள் ஒலியைச் செலுத்தும் சிறு ஒலிபெருக்கி). கீழே, தாழ்ந்த ஒலிகளுக்கு 15 அங்குல வூஃபர் பெட்டி. இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து, டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகப் பிரித்துச் சரிசெய்யும் கருவி) மூலம் 500 ஹெர்ட்ஸில் பிரித்திருக்கிறேன்: அதற்கு மேலே கூம்பு, கீழே வூஃபர்.

நாகஸ்வரமும் வயலினும் எதிரில் வாசிப்பதுபோல் இருக்கின்றன. ஆனால் ஆண் குரல் மட்டும் கைகளைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு பாடுவதுபோல் ஒலிக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது. பாட்டு ஓடாத நேரத்தில் கூம்பிலிருந்து ‘உஸ்’ என்ற இரைச்சல் நாற்காலிவரை கேட்கிறது. மரச் சுவர் அதிர்வதுதான் காரணமா?

மறுமொழி 1:
மெல்லிய ஃபைபர் கூம்பில் எனக்கும் இதே தொல்லை இருந்தது. காருக்கு ஒட்டும் பிட்டுமன் தகட்டை வெளிப்புறத்தில் ஒட்டியபின் ஓரளவு குறைந்தது.

கேட்டவர்:
விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன், ஐயா. ‘டொக்’ என்று உடனே அடங்கிவிடுகிறது, ரீங்காரம் இல்லை.

மறுமொழி 2:
அப்படியானால் மரத்தை விட்டுவிடுங்கள். வாயின் சுற்றளவைக் கணக்கிட்டால் சுமார் 85 செ.மீ. வரும். ஒலியின் வேகத்தை நொடிக்கு 345 மீட்டர் என்று கொண்டால், அந்தச் சுற்றளவு ஏறத்தாழ 406 ஹெர்ட்ஸின் அலைநீளம். அதற்குக் கீழே உங்கள் கூம்பு கூம்பாக வேலை செய்யாது. எல்லைக்கு அருகில் வரும்போதே அலையின் ஒரு பகுதி வாயிலிருந்து தொண்டைக்குத் திரும்பி எதிரொலிப்பதால், சில சுருதிகள் வீங்கியும் சில அமுங்கியும் கேட்கின்றன. திருவிழாவில் கட்டும் குழாயில் குரல் மூக்கடைத்துக் கேட்பதற்கும் சிறிய வாய் ஒரு முக்கியக் காரணம். கரகரப்பின் காரணமும் இங்கேதான் இருக்கிறது: எல்லைக்குக் கீழே டயாஃப்ரத்துக்கு (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகடு) முன்னால் காற்றின் சுமை இல்லாமல் போவதால், அது பிடிமானமின்றி அளவுக்கு மீறி ஆடுகிறது.

எல்லைக்கு ஒரு ஆக்டேவாவது மேலே, அதாவது குறைந்தது இரு மடங்கு ஹெர்ட்ஸில், பிரிப்பது என் வழக்கம். 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள். உங்கள் டிரைவருக்குத் தயாரிப்பாளர் அதைவிட உயர்ந்த எண்ணைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூடவே 40 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை டிரைவருக்குத் தொடராக இணையுங்கள். ஆம்ப்ளிஃபயரைப் போடும்போது வரும் ‘டப்’ அடி டயாஃப்ரத்தைக் கிழிக்காமல் காக்கும்.

கேட்டவர்:
பெரிய வாயோடு வேறு கூம்பு கடைந்தால் 500 ஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 2:
250 ஹெர்ட்ஸ் எல்லைக்கு 44 செ.மீ. வாய் தேவை, அதைக் கடைந்துவிடலாம். ஆனால் 1 அங்குல டிரைவர்களில் பெரும்பாலானவை அவ்வளவு கீழே தாங்கா. இன்னும் கீழே இறங்கினால் அளவு கைமீறிப் போகும்: 40 ஹெர்ட்ஸுக்கு வாயின் விட்டம் 2.7 மீட்டரைத் தாண்டும். பால் கிளிப்ஷ் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையில் நிற்பது இதனால்தான். தரையும் இரு சுவர்களும் கூம்பின் நீட்சியாகிவிடுவதால் வாயின் பரப்பு எட்டில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

கேட்டவர்:
1000 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் மூக்கடைப்பும் கரகரப்பும் போய்விட்டன. ஆனால் இப்போது குரல் பின்வாங்கி நிற்கிறது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற ஒலி அளக்கும் மென்பொருள் கொண்டு அளந்தால் 1000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் தெரிகிறது. ‘உஸ்’ இரைச்சலும் குறையவில்லை. டிஎஸ்பியில் கூம்பின் அளவை 12 டெசிபல் குறைத்தே வைத்திருக்கிறேன்.

மறுமொழி 3:
கூம்பின் வாயும் வூஃபர் பெட்டியின் முகப்பும் ஒரே தளத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அப்படியென்றால் டயாஃப்ரம் வூஃபரைவிட ஏறக்குறைய 24 செ.மீ. பின்தங்கி நிற்கிறது, கூம்பின் ஒலி 0.7 மில்லிவினாடி தாமதமாக வந்து சேரும். 1000 ஹெர்ட்ஸில் அலைநீளமே 34.5 செ.மீ. என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. டிஎஸ்பியில் வூஃபருக்கு 0.7 மில்லிவினாடி அளவில் தாமதம் கொடுங்கள். கூம்பின் துருவத்தை (பிளஸ்-மைனஸ்) தற்காலிகமாக மாற்றிவிட்டு, தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, பள்ளம் எந்த எண்ணில் மிக ஆழமாக விழுகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு துருவத்தைப் பழையபடி வையுங்கள்.

நீங்கள் கேட்கும் இரைச்சல் டிஎஸ்பிக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயரில் பிறக்கிறது. ஆகையால் டிஎஸ்பியில் எவ்வளவு குறைத்தாலும் அது குறையாது. டிரைவருக்குச் சற்று முன்னால் எல்-பேடு (ஒலியளவைக் குறைக்கும் இரு ரெசிஸ்டர் இணைப்பு) போடுங்கள்: 6 ஓம் தொடராக, 2.7 ஓம் டிரைவருக்கு இணையாக. 12 டெசிபல் அங்கேயே குறைந்துவிடும். டிஎஸ்பியில் குறைத்ததைத் திரும்ப ஏற்றிவிடலாம். 6 ஓம் ரெசிஸ்டர்தான் முக்கால் பங்கு மின்சக்தியைத் தாங்குகிறது என்பதால் 10 வாட் கம்பிச்சுற்று வகையை வாங்குங்கள்.

கேட்டவர்:
0.68-இல் பள்ளம் மிக ஆழமாக விழுந்தது. துருவத்தைத் திருப்பியதும் 1000 ஹெர்ட்ஸில் கோடு நிரம்பிவிட்டது. இரைச்சலைக் கேட்க இப்போது கூம்பின் வாயருகே காதை வைக்க வேண்டியிருக்கிறது. ரெசிஸ்டரை மட்டும் கூம்பின் மரத்தைத் தொடாமல் தள்ளிப் பொருத்தியிருக்கிறேன்; ஒரு மணி நேரம் பாடியபின் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்போடு சரி.