லண்டன் படிப்பு: விமானப் பயணக் கரியமில வாயுக் கணக்கு

கேள்வி (தெம்பனிஸ்வாசி): சிங்கப்பூர் சாங்கி–லண்டன், எக்கானமி, போய்வர. ஒரு கணிப்பான் ஒன்றரை டன் என்கிறது, இன்னொன்று அதில் இரட்டிப்பு காட்டுகிறது. வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருவதாக இருந்தால் எதை எடுத்துக்கொள்வது?

பதில் 1 (எரிபொருள்கணக்கர்): கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒரு வழித் தூரம் சுமார் 10,900 கிமீ. ஓர் இருக்கைக்கு 100 கிமீட்டருக்கு 3 லிட்டர் என்று வைத்தால் 327 லிட்டர், லிட்டருக்கு 0.8 கிலோ, ஆக 262 கிலோ. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு. ஒரு வழிக்கு 830 கிலோ, போய்வர 1.65 டன். விமான வகை, காலி இருக்கை, சரக்குப் பங்கு மாறினால் எண்ணும் மாறும்.

பதில் 2 (வான்கோடு): இரட்டிப்பு வருவது வேறு காரணத்தால். விமானம் பின்னால் விடும் வெள்ளைக் கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாக்கும் வெப்பத்தைச் சில கணிப்பான்கள் 1.7 அல்லது 1.9 மடங்காகச் சேர்க்கும். தப்பில்லை, ஆனால் இரண்டையும் கலந்து ஒப்பிடாதீர்கள். பிசினஸ் வகுப்பா? இடம் அதிகம் பிடிப்பதால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

பதில் 3 (எரிபொருள்கணக்கர்): ஒன்று விட்டுப்போச்சு. வழியில் இறங்கி மாறும் டிக்கெட்டில் இன்னொரு முறை மேலெழும்புவதற்கும் சுற்றுத் தூரத்துக்கும் எரிபொருள் போகும். ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போட்டுக் கூட்டுங்கள். வெளியான வாயுவுக்கு ஈடாக மரம் நடக் கட்டும் தொகையைக் காட்டிக் கணக்கில் கழிக்காதீர்கள், தனி வரியாக வையுங்கள். நிஜமாகவே குறைய வேண்டுமென்றால் டிசம்பர் பயணத்தை விட்டுவிட்டு ஜூனில் நீண்ட விடுமுறையாக வாருங்கள், பாதி போய்விடும்.